பக்கத்து மேசைக்காரர்கள்

*தாம்பரத்தில் ஒரு குடியிருப்பு, கீழ்க்கட்டளையில் ஒரு சிறு அறை, தரமணியில் ஓர் ஆய்வகம், தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்... சென்னையின் ஸ்டார்ட்அப் உலகம் வளர்ந்த கதையும், அது இன்னும் போய்ச் சேராத வாசல்களும்.*

சென்ற ஆண்டு திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கும்போது, இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கையில் கண்ணாடி விரிசல் விட்ட செல்போன்.

"சார், நான் ஒரு ஆப் செஞ்சு வச்சிருக்கேன். பாக்குறீங்களா?"

அவள் வீட்டில் முக்கால் ஏக்கர் மல்லிகை. விடியும் முன் பறித்த பூவை அப்பா நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். மண்டியில் எடை போட்டு, துண்டுச் சீட்டில் கிலோவையும் அன்றைய விலையையும் எழுதிக் கொடுப்பார்கள். பணம் அன்றே கைக்கு வராது. வாரத்துக்கு ஒருநாள் கணக்குப் பார்த்து, கமிஷனையும் வாங்கிய முன்பணத்தையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணித் தருவார்கள். அதற்குள் ஏழு சீட்டில் இரண்டு, சட்டைப்பையில் வேர்வையில் ஊறி எழுத்து அழிந்திருக்கும். ஒன்று துணி துவைக்கும்போது கரைந்தே போயிருக்கும். அந்தக் கணக்குக்காகத்தான் ஆப். தேதி, எடை, விலை மூன்றையும் போட்டால் வாரக் கணக்கு தானாக வந்துவிடும். எல்லாம் தமிழில்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் பாராட்டு வாங்க வரவில்லை. "இதை முதல்ல யார்கிட்ட காட்டணும் சார்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பல வருடமாகத் தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறேன். எந்தக் கம்பெனிக்கு யார் எத்தனை கோடி முதலீடு போட்டார்கள் என்று கேட்டால் சொல்வேன். ஒரு பூக்காரர் மகள் தன் முதல் ஆப்பை யாரிடம் காட்ட வேண்டும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வியே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இதே பெண் தரமணியில் ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நாற்காலியைத் திருப்பிப் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் போனை நீட்டியிருப்பாள்.

சென்னையின் ஸ்டார்ட்அப் வளர்ச்சியை நான் அந்தப் பக்கத்து மேசையிலிருந்தே பார்க்கிறேன். முதலீடும் கட்டடமும் அரசுத் திட்டமும் பின்னால் வந்து சேர்ந்தவை.

பெயர் வைத்தவர்கள்

சென்னையில் மென்பொருள் வேலை என்றால் ஒருகாலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். வெளிநாட்டுக் கம்பெனி கேட்பதை எழுதிக் கொடுத்து, தலைக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் கூலி வாங்குவது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறியது. எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் கார், முதல் ஃபிளாட், முதல் விமானப் பயணம் எல்லாம் அந்தச் சாலை கொடுத்ததுதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ராவெல்லாம் கண்விழித்து நம் பிள்ளைகள் எழுதிய மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர் வேறு எங்கோ இருந்தார்.

டைடல் பார்க்குக்கு முன்பே, 1996-இல், தாம்பரத்தில் ஒரு சிறு குடியிருப்பில் அந்த வழக்கத்தை மாற்றும் வேலை சத்தமில்லாமல் தொடங்கிவிட்டது. அட்வென்ட்நெட் என்று பெயர். ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் குவால்காமில் வேலை பார்த்தவர் ஸ்ரீதர் வேம்பு. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு வலைப்பின்னலை நிர்வகிக்கும் மென்பொருளை அட்வென்ட்நெட் விற்றது. 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்தபோது அந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

வேறு கம்பெனியாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். இவர்கள் வெளியார் முதலீடு வாங்கியிருக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் கழுத்தில் கை வைக்கவில்லை. இருந்த ஆட்களை வைத்துக்கொண்டு அலுவலகங்களின் கணினித் துறைகளுக்கான மேனேஜ்என்ஜினைச் செய்தார்கள். 2005-இல் இணையத்தின் வழியாகவே பயன்படுத்தும் ஜோஹோ வந்தது. 2009-இல் கம்பெனியின் பெயரே அதுவாயிற்று.

அந்த வருடங்களில் அங்கே உள்ளே இருந்தவர்கள் கற்றுக்கொண்டது நிரல் எழுதுவதை மட்டுமா? ஒரு பொருளைத் தானே யோசித்து, பெயர் வைத்து, விலை போட்டு, கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு விற்று, அது கெட்டுப்போனால் ராத்திரி போனை எடுத்துப் பேசி, மறுவருடமும் அவரை வாடிக்கையாளராகத் தக்கவைத்துக்கொள்வது வரை ஒரே கூரையின் கீழ் பார்த்தார்கள். எந்தக் கல்லூரியிலும் அதற்குப் பாடத்திட்டம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க முடியும். கும்பகோணத்தில் பாத்திரம் வார்ப்பவரும் காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்பவரும் தொழில் கற்ற அதே முறை.

உடைந்து வந்த டி.வி.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் கிரீஷ் மாத்ருபூதம். ஊர் திருச்சி என்பதைப் பெயரே சொல்லும். மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயர் அது. தஞ்சாவூர் சண்முகாவில் பொறியியல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. 2001 முதல் 2010 வரை அட்வென்ட்நெட், பிறகு ஜோஹோ.

அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பினார். வந்து சேர்ந்தபோது 40 அங்குல டி.வி. உடைந்திருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் மின்னஞ்சலும் தொலைபேசியுமாக அலைந்தும் பலனில்லை. கடைசியில், தாயகம் திரும்பும் இந்தியர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் ஓர் இணையதளத்தில் நடந்ததை எழுதிவிட்டார். சாமான் ஏற்றி அனுப்பிய கம்பெனியின் தலைமையே மன்னிப்புக் கேட்டது. பணமும் வந்தது.

அதே அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. பணம் வந்தால் போதும் என்று நாம் விட்டுவிடுவோம். வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளிலேயே வருடக்கணக்கில் உழன்றவர் என்பதால் அவருக்கு அதில் இன்னொன்று தெரிந்தது. இதுவரை குறைசொல்ல வந்தவர் கடையின் வாசலில் தனியாக நின்றார். இனி ஊர் நடுவில் நின்று சொல்வார். அந்தக் குரல் எங்கிருந்து வந்தாலும் கேட்கிற மென்பொருள் வேண்டும். 2010-இல் ஜோஹோவில் உடன் வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃபிரெஷ்டெஸ்க்கை ஆரம்பித்தார். இடம் கீழ்க்கட்டளை. 700 சதுர அடி. முதல் வாடிக்கையாளராக வந்தது ஆஸ்திரேலியாவின் அட்வெல் கல்லூரி. கீழ்க்கட்டளையிலிருந்து யாரும் அங்கே போகவில்லை, அங்கிருந்தும் யாரும் இங்கே வரவில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில்தான் சென்னையின் சூட்சுமம் இருக்கிறது. தொழில்காரர்கள் இதை 'சாஸ்' என்கிறார்கள். புரியும்படி சொன்னால் மென்பொருளை வாடகைக்கு விடுவது. முன்பெல்லாம் மென்பொருளை மொத்த விலைக்கு வாங்கி, சொந்தக் கணினியில் ஏற்றி, பராமரிக்கத் தனி ஆள் வைக்க வேண்டும். லட்சக்கணக்கில் விலை என்பதால் கோட்டு சூட்டு போட்ட விற்பனையாளர் நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. சாஸ் வந்த பிறகு கேபிள் கனெக்‌ஷன் மாதிரி மாதச் சந்தா கட்டினால் போதும். தேடுபொறியில் தேடி வருவார்கள், சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்ப்பார்கள், பிடித்தால் கார்டில் பணம் கட்டுவார்கள், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடுவார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு கம்பெனியைத் தேடி நியூயார்க்கிலிருந்து யாரும் விமானம் ஏறிப் போக மாட்டார்கள். சென்னையிலிருந்து ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கம்பெனிக்காரரிடம் பொறுமையாகப் பேச ஆள் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, அலுவலகத்தில் அண்ணன் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகிய பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு மேசையிலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். அட்வென்ட்நெட்டில் ஒன்றாக வேலை பார்த்த மூன்று பேர், காக்னிசன்ட்டிலிருந்து வந்த கிரிஷ் சுப்ரமணியனோடு சேர்ந்து 2011-இல் சார்ஜ்பீயைத் தொடங்கினார்கள். மாதச் சந்தா வசூலிக்கும் கம்பெனிகளுக்கு அந்தச் சந்தாக் கணக்கையே பார்த்துக் கொடுக்கும் மென்பொருள். எல்லோரும் தங்கம் தோண்டப் போகும்போது மண்வெட்டி விற்கக் கிளம்பியவர்கள் அவர்கள். வேம்பு சகோதரர்களில் குமார் வேம்பு கோஃப்ரூகலை ஆரம்பித்து, நம்மூர்ச் சூப்பர் மார்க்கெட்டுக்கும் மருந்துக் கடைக்கும் பில் போடும் மென்பொருள் கொடுத்தார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு என்று இதைத்தான் சொல்வார்கள்.

2021 செப்டம்பர் 22. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியிருந்த கம்பெனி, அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இறங்கியது. இந்திய சாஸ் கம்பெனி ஒன்று அங்கே கால்வைத்தது அதுவே முதல்முறை. திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல். அந்த முயற்சிக்கு உள்ளுக்குள் அவர்கள் வைத்திருந்த பெயர் 'புராஜெக்ட் சூப்பர் ஸ்டார்'. யாருடைய ரசிகர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இந்தியாவில் வேலை பார்த்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் அன்று கோடீஸ்வரர் ஆனார்கள், அவர்களில் சுமார் 70 பேர் 30 வயதுகூட ஆகாதவர்கள் என்று கிரீஷ் அறிவித்தார்.

அந்த அறிவிப்பு நம் வீடுகளில் செய்த வேலை பெரிது. அதுவரை "ஸ்டார்ட்அப்ல வேலை" என்றால் பெண் கொடுக்கவே யோசித்த ஊர் இது. சம்பளத்தோடு பங்கும் தருகிறோம் என்று சொன்னால், "அந்தக் காகிதத்தை வச்சு என்ன பண்றது?" என்று அப்பாக்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்டு நான் பார்க்கவில்லை.

கற்றதைக் கைமாற்றும் பழக்கம்

இன்னொரு மரபும் இந்த ஊருக்கு உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஐ.ஐ.டி. வளாகத்தில் கூட்டம். கட்டணம் இல்லை. கல்லூரி மாணவரும் இருபது வருட அனுபவக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். தெரிந்தவர் சொல்லிக் கொடுப்பார், தெரியாதவர் கேட்பார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இன்று எத்தனையோ கம்பெனிகளில் மூத்தவர்கள். கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கும் 'கணியம்' மின்னிதழ் 2012-இல் வந்தது. அதுவும் அதே மரபில் முளைத்ததுதான்.

தொழில் நடத்துபவர்களிடமும் அந்தப் பழக்கம் தொற்றியது. 2015-இல் சாஸ்எக்ஸ் என்ற பெயரில் சென்னையில் ஒரு கூடுகை நடந்தது. பின்னாளில் அது சாஸ்பூமி ஆனது. கிஸ்ஃபுளோ கம்பெனியின் சுரேஷ் சம்பந்தம், கிரீஷ் போன்றவர்கள் முன்னின்றார்கள். மேடைப் பேச்சைவிட அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசியதுதான் விசேஷம். முதல் விலையை எவ்வளவு வைத்தோம், எங்கே தப்பினோம், முதல் விற்பனையாளரை எப்படித் தேர்ந்தெடுத்தோம், எந்த வாடிக்கையாளரை விட்டது நல்லதாயிற்று என்று வியாபார ரகசியமாகப் பொத்தி வைக்க வேண்டியவற்றையெல்லாம் திறந்து வைத்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளைக்குப் போட்டியாளராக வரலாம் என்று தெரிந்தேதான் சொன்னார்கள்.

அது ஏன் சாத்தியமாயிற்று? வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தி.நகரில் இரண்டு ஜவுளிக்கடை ஒரே தெருவின் கூட்டத்துக்கு அடித்துக்கொள்வதுபோல் இவர்கள் ஒரே வாடிக்கையாளருக்கு அடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து வாங்கலாம், நம்பலாம் என்ற பெயர் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் அது உதவியது.

அந்த 2015-ஆம் வருடமே டிசம்பரில் வெள்ளம். அடையாறு கரைபுரண்ட அந்த நாட்களை நாம் யாரும் மறக்க மாட்டோம். எங்கே படகு வேண்டும், எங்கே பால் பவுடர் வேண்டும், எந்த மாடியில் முதியவர் சிக்கியிருக்கிறார், எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு தயார் என்பதையெல்லாம் தன்னார்வலர்கள் இணையத்தில் ஒரு பொது அட்டவணையில் ஏற்றினார்கள். சென்னைரெய்ன்ஸ் என்ற தளம் எழுந்தது. முகம் பார்த்தே இராதவர்கள் வரிசை வரிசையாகத் தகவலைச் சரிபார்த்து, "முடிந்தது", "இன்னும் ஆள் போகவில்லை" என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். கரண்ட் இல்லாத வீட்டிலிருந்து, காரில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு நானும் சில வரிகளைச் சரிபார்த்தேன். சமூகம் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பொருள் தெரிந்தது.

தரமணியின் தீப்பொறி

மென்பொருள்காரர்கள் ஒரு பக்கம் என்றால், கையில் பிடிக்கும் பொருள் செய்பவர்கள் இன்னொரு பக்கம். அவர்களின் மேசை தரமணியில் இருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தொண்ணூறுகளிலேயே மாணவர்களிடம், வேலைக்குப் போகாதீர்கள், நம் ஊருக்குத் தேவையானதைச் செய்து கம்பெனி ஆக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கிராமத்துக்குக் கம்பியில்லாத் தொலைபேசி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏ.டி.எம். என்று அந்தப் பட்டறையிலிருந்து பல முயற்சிகள் கிளம்பின. சில நிலைத்தன, சில காலத்தோடு போயின. அந்த அனுபவத்தின் மேல்தான் 2010-இல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா எழுந்தது. ஒரே கட்டடத்தில் பெரிய கம்பெனியின் ஆய்வுக்கூடமும், நேற்று தொடங்கிய மாணவர்களின் கம்பெனியும், பேராசிரியர்களும். லிஃப்டில் பார்த்துக்கொள்வார்கள், கேன்டீனில் ஒரே வரிசையில் நிற்பார்கள். 2024–25 நிதியாண்டில் மட்டும் அங்குள்ள தொழில் ஊக்குவிப்பு மையம் 104 ஸ்டார்ட்அப்களைச் சேர்த்துக்கொண்டது.

அக்னிகுல் கதையைக் கேட்டால் இது புரியும். ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் 2017-இல் ராக்கெட் கம்பெனி தொடங்கினார்கள். ராக்கெட் செய்ய நினைக்கும் இளைஞர் முதலில் யாரிடம் போவார்? அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி இருந்தார். எரிதல் பற்றி ஆராய்வதற்கென்றே தேசிய மையம் ஒன்று அவருடைய வளாகத்தில் இருந்தது. ராக்கெட் எஞ்சின் என்பது நூற்றுக்கணக்கான பாகங்களைச் செய்து, பற்றவைத்து, இணைத்து, ஒவ்வொரு இணைப்பும் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வது. அதை இவர்கள் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்தார்கள். இணைப்பே இல்லை என்றால் கசிவு எங்கே வரும்? திரவ ஆக்ஸிஜனும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் கொண்டு எரியும் அந்த எஞ்சினோடு, பலமுறை தள்ளிப்போன பிறகு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து அக்னிபான் சோதனை ராக்கெட்டை ஏவினார்கள்.

ஏதர் எனர்ஜியும் அதே வளாகத்தில் பிறந்ததுதான். தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு முன்னாள் மாணவர்களின் மின்சார ஸ்கூட்டர் கனவு 2013-இல் இங்கே தொடங்கியது. பிறகு கம்பெனி பெங்களூருக்குப் போய்விட்டது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கும். ஆனால் தொழிற்சாலை வந்தது ஓசூருக்கு. ஒரு செடி வேறு தோட்டத்துக்குப் போனாலும் வேர்மண்ணைக் கொஞ்சம் கொண்டுபோகத்தான் செய்கிறது.

வந்த வழி: ஒரு பார்வை

1996 – தாம்பரத்தில் அட்வென்ட்நெட்.
1998 – சென்னை லினக்ஸ் பயனர் குழு.
2000 – தரமணியில் டைடல் பார்க்.
2005 – ஜோஹோ மென்பொருள்.
2010 – கீழ்க்கட்டளையில் ஃபிரெஷ்டெஸ்க்; தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா.
2011 – தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் ஜோஹோ, சென்னையில் சார்ஜ்பீ.
2015 – சாஸ்எக்ஸ் கூடுகை.
2021 – நாஸ்டாக்கில் ஃபிரெஷ்வொர்க்ஸ்.
2024 – அக்னிபான் பறந்தது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் சிறிய டைடல் பூங்காக்கள்.

வெயிலும் உண்டு

வெற்றிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். நாஸ்டாக்கில் 36 டாலருக்கு வெளியிட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் பங்கு, பிறகு அந்த விலைக்கு வெகுகீழே இறங்கியது. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி சுமார் 660 பேரை, அதாவது ஊழியர்களில் 13 சதவீதத்தினரை, வேலையிலிருந்து நிறுத்தியது. முதலீட்டுப் பணம் வற்றிய 2022-க்குப் பிறகு சென்னையில் பல கம்பெனிகள் ஆள் குறைத்தன. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல் இரண்டு வாரம் லேப்டாப் பையோடு வழக்கம்போல் கிளம்பி, மெட்ரோ ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. ராத்திரி ஒரு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பதில் சொன்ன வேலை, சின்னச் சின்னத் திருத்தம் பார்த்த வேலை, சோதித்துப் பார்த்த வேலை எல்லாம் இயந்திரத்தின் கைக்குப் போகத் தொடங்கியிருக்கின்றன. சென்னையின் பலமே அந்த முதல் படிதான். மன்னார்குடியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்தவர்கள் அதில் கால்வைத்துத்தான் மேலே ஏறினார்கள். முதல் படியை எடுத்துவிட்டால் மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நாளை அனுபவக்காரர் வேண்டுமென்றால் இன்று அனுபவம் இல்லாத ஒருவருக்கு மேசை கொடுத்துத்தான் ஆக வேண்டும். கம்பெனி நடத்தும் ஒவ்வொருவரிடமும் நான் வேண்டிக் கேட்பது இதைத்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பக்கத்து மேசை என்று இவ்வளவு நேரம் பெருமை பேசினேன். அந்த மேசையில் உட்காரும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது? கம்பெனி தொடங்கியவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர்? முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர்? ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் இருந்தால் வீட்டில் அடுப்பெரியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தவர்களே பெரும்பாலும் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

மேசையை நகர்த்துகிறவர்கள்

அதை மாற்ற முயல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை.

ஜோஹோ 2005-இல் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கிறார்கள். படிக்கும்போதே உதவித்தொகை, முடித்தபின் வேலை. இன்ஜினீயரிங் சீட்டுக்கு நிலத்தை விற்கும் ஊரில், பட்டம் இல்லாமலும் நல்ல மென்பொருள் எழுத முடியும் என்று காட்டியது சாதாரணக் காரியம் இல்லை. மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் திறந்தபோது, குற்றால மலையடிவாரத்தில் என்ன சாஃப்ட்வேர் என்று கேட்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் இறுதியில், அவர்களின் 'அரட்டை' செயலியை நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் இறக்கிக்கொண்டார்கள். வடநாட்டுக்காரர்களும் நம் திண்ணைச் சொல்லைப் பழகிப் பார்த்தார்கள்.

குவி என்ற கம்பெனி, யூடியூபில் தமிழில் நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கும் காணொலிகளில் தொடங்கி, ஐ.ஐ.டி.யில் வளர்ந்து, 2022-இல் ஹெச்.சி.எல்.லோடு சேர்ந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவர் ஸ்ரீதேவி அருண்பிரகாஷ். ஆங்கிலம் புரியாததால் வகுப்பில் வாய்மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அந்தக் காணொலிகள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று மாவட்டக் கல்லூரிகளுக்குப் போனால் தெரியும்.

விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் இளைஞர்கள் நடத்தும் அமைப்பு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குப் பணம் வாங்காமல் கணினி கற்றுக்கொடுக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். இவர்களைப் பற்றிச் செய்தி அதிகம் வருவதில்லை. வர வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

அரசும் அசைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பின் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதியாக 10 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. பெண்கள் நடத்துவதென்றாலும், கிராமப்புறம் சார்ந்ததென்றாலும் 15 லட்சம். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி நிதி வந்திருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, ஈரோட்டில் வட்டார மையங்கள் இருக்கின்றன. நிதி நல்லது, கட்டடம் நல்லது. அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிற பெண்ணுக்கு "வாம்மா, காட்டு பார்க்கலாம்" என்று சொல்ல அனுபவம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் இரண்டுக்கும் உயிர் வரும்.

டீக்கடையில் ஒரு மணி நேரம்

திண்டுக்கல் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பெரிய கம்பெனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, இப்போது எட்டுப் பேரோடு சொந்தமாக நடத்துகிறவர். "சனிக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்.

அப்பாவும் மகளுமாக ராத்திரி பஸ் பிடித்து வந்தார்கள். தரமணியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நண்பர் ஆப்பைப் பார்த்து நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

"இதுல தினமும் எடையைப் போடுறது யாரும்மா?"

"நான்தான் சார். அப்பா டைப் பண்ண மாட்டாரு. சாயங்காலம் சீட்டைப் பாத்து நான் ஏத்துவேன்."

"சரி. நாளைக்கு நீ வேலைக்குப் போயிட்டா?"

அவள் பதில் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"சீட்டு எழுதுறது யாரு?"

"மண்டி கணக்குப்பிள்ளை."

"ரெண்டு வாரத்துக்கு ஒரு வரிகூட புரோகிராம் எழுதாதே. அப்பாகூட விடியக்காலை மார்க்கெட்டுக்குப் போ. அந்தக் கணக்குப்பிள்ளை பக்கத்துல நின்னு, அவர் என்ன செய்யிறாருன்னு மட்டும் பாரு. அப்புறம் எனக்கு போன் பண்ணு."

கிளம்பும்போது, அதுவரை பேசாமல் இருந்த அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, இதுக்கு ஃபீஸ் ஏதும்..."

நண்பர் எழுந்து நின்றார். "எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க எங்கிட்ட வாங்கலைங்கண்ணே."

இரண்டு வாரம் கழித்து அவள் எனக்கும் பேசினாள். குரலில் அவ்வளவு வேகம். "சார், கணக்குப்பிள்ளை ஒரே கணக்கை ரெண்டு தடவை எழுதுறாரு. சீட்டுல ஒருதடவை, அவங்க பெரிய நோட்டுல ஒருதடவை. கூட்ட நேரத்துல நோட்டுல விட்டுப் போயிடுது, அதான் வாரக் கடைசியில சண்டையே வருது. ஆப் இருக்க வேண்டியது எங்க அப்பா கையில இல்ல சார், அவர் கையில. அவர் ஒருதடவை போட்டா நோட்டுக்கும் ஏறணும், எங்க வீட்டுக்கு வாட்ஸ்அப்லயும் வரணும்."

அந்த இரண்டு வாரத்தில் அவள் கற்றதை இரண்டு வருடப் பாடம் தந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து எழுதினாள். போன மாதம் ஒரு மண்டியில், "சரி, போட்டுத்தான் பாரேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓடுமா, நின்றுவிடுமா என்று எனக்குத் தெரியாது. மல்லிகை விலையே நாளுக்கொன்றாக மாறுகிற இடத்தில் யார் சொல்ல முடியும்?

மண்டிச் செய்தியைச் சொன்ன அன்று, பேச்சை முடிக்கும் முன் வேறொன்று சொன்னாள்.

"எங்க காலேஜ்ல ஜூனியர் பையன் ஒருத்தன், கிணத்து மோட்டாரை போன்லயே நிறுத்துற மாதிரி ஏதோ செஞ்சிருக்கான் சார். நேத்து எங்கிட்ட வந்து காட்டினான்."

"நீ என்ன சொன்னே?"

"மோட்டாரை ராத்திரி நிறுத்தப் போறது யாரு, நீயா உங்க தாத்தாவான்னு கேட்டேன் சார்."